விருந்து முடிந்த பிறகு

இரவு ஒன்பது மணி. உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மண்டபத்தில் தீபாவளி விழா முடிந்துவிட்டது. ஆடியவர்கள் சலங்கைகளைக் கழற்றிவிட்டார்கள். வந்திருந்த பெற்றோரில் பெரும்பாலோர் புறப்பட்டுவிட்டார்கள். மண்டபத்துக்கு வெளியே நீண்ட மேசைகளின் மேல் உணவு இன்னும் இருக்கிறது. பிரியாணியில் பாதி அப்படியே இருக்கிறது. சைவ மீ கோரேங்கை ஏறக்குறைய யாருமே தொடவில்லை. கேசரி மட்டும் தீர்ந்துவிட்டது. மாணவர்கள் இருவர் ஒரு கறுப்புப் பையை விரித்துப் பிடிக்க, கேட்டரிங் நிறுவன ஊழியர் சோற்றை அள்ளி உள்ளே போடுகிறார்.

“அண்ணா, இதை வீட்டுக்குக் கொண்டு போகலாமே!” என்று ஒரு மாணவி கேட்கிறாள். அவர் மேசையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளைக் காட்டுகிறார். “அதில் எழுதியிருக்கிற நேரத்தைப் பாரும்மா,” என்கிறார். உணவை இரவு 8.30 மணிக்குள் உண்ண வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இது ஏதோ ஒரு பள்ளியில் மட்டும் நடக்கும் காட்சியன்று. சமூக மன்றத்திலும், வீவக புளோக்கின் வெற்றுத்தளத்திலும், அலுவலகக் கூட்ட அறையிலும், திருமண மண்டபத்திலும் இதே காட்சியைப் பார்க்கலாம். கறுப்புப் பையில் விழுந்த சோற்றைப் பார்த்து வருந்தாதவர் இல்லை. ஆனால், அந்த வருத்தம் வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் அந்தச் சிறிய தாளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கேட்டரிங் நிறுவனங்கள் தாங்கள் விநியோகிக்கும் உணவில் நேரத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. சமைத்து முடித்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அந்த உணவை உண்டுவிட வேண்டும். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைவாகப் பெருகும். மேசைமேல் மணிக்கணக்கில் இருக்கும் சோறும் கறியும் அந்த எல்லைக்குள் எளிதில் வந்துவிடும். மாலை 4.30 மணிக்குச் சமைத்து முடித்த பிரியாணியை இரவு ஒன்பது மணிக்குக் கட்டி எடுத்துப் போய், மறுநாள் காலையில் சூடாக்கிச் சாப்பிட்டால் வயிற்றைக் கெடுக்கலாம். ஆகவே, அந்த ஊழியர் இரக்கமில்லாதவர் அல்லர். அவர் தம் கடமையைச் செய்கிறார்.

அப்படியானால் தவறு எங்கே நடந்தது? விழா நடந்த மாலையில் எந்தத் தவறும் நடக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு, ஏற்பாட்டுக் குழு கூடியபோது, “எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்வது?” என்று ஒருவர் கேட்டார். அதற்குச் சொல்லப்பட்ட விடையில்தான் அந்தப் பை நிறையத் தொடங்கியது.

அந்த விடை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஓர் எடுத்துக்காட்டு: அழைப்பை ஏற்று, வருவதாகச் சொன்னவர்கள் 180 பேர். “சொல்லாமலேயே சிலர் வருவார்கள்,” என்று குழுவில் ஒருவர் நினைவூட்டுகிறார். 40 கூடுகிறது. ஆசிரியர்களும் சிறப்பு விருந்தினர்களும் 20 பேர். இப்போது 240. “குறைந்துவிட்டால் பள்ளிக்குத்தானே கெட்ட பெயர்?” என்கிறார் இன்னொருவர். 260 ஆகிறது. சைவ உணவு கேட்டவர்கள் 35 பேர்தான். ஆனாலும் அசைவம் உண்பவர்களும் அதை எடுப்பார்கள் என்று 60 பேருக்குச் சொல்லப்படுகிறது. 25 கூடி 285. அந்த எண் பார்ப்பதற்கு அழகாக இல்லை. ஆகவே, 300.

விழா நாளன்று மழை. அடுத்த வாரம் தேர்வு. வருவதாகச் சொன்ன 180 பேரில் 30 பேர் வரவில்லை. சொல்லாமல் வந்தவர்கள் 25 பேர். ஆசிரியர்களையும் விருந்தினர்களையும் சேர்த்தால் சாப்பிட்டவர்கள் 195 பேர். மீதம் 105 பேருக்கான உணவு. கேட்டரிங் நிறுவனம் தன் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சமைத்திருந்தால் அதுவும் சேரும். இத்தனைக்கும் குழுவில் இருந்த யாரும் பொறுப்பில்லாதவர் அல்லர். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு எச்சரிக்கையாகத்தான் இருந்தார்கள். எச்சரிக்கையின்மேல் எச்சரிக்கை அடுக்கப்பட்டதால் வந்த மீதம் அது.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பண்பாடு இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் “சோறு இல்லை” என்று சொல்வதைத் தமிழர்கள் பெரும் இழுக்காகக் கருதுவார்கள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்குப் பாயசம் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பேச்சு பல ஆண்டுகள் நிற்கும். விருந்தில் மிஞ்ச வேண்டும், மிஞ்சினால்தான் நிறைவு. இதைப் பழைமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. அக்காலத்தில் மிஞ்சிய சோற்றுக்குப் போக ஓர் இடம் இருந்தது. அக்கம்பக்கத்தாருக்குத் தூக்குவாளியில் போகும். சமையலுக்கு உதவியவர்கள் எடுத்துப் போவார்கள். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. இலையும் எச்சிலும் மாட்டுக்குப் போகும். தாராளமாகச் சமைக்கும் வழக்கத்துக்குத் துணையாக ஒரு கொல்லையும், ஒரு தெருவும், ஒரு மாடும் இருந்தன. அந்த வழக்கம் கடல் கடந்து பத்தாவது மாடிக்கும் வந்துவிட்டது. கொல்லையும் மாடும் வரவில்லை. இங்கே மீதத்துக்கு இருக்கும் ஒரே வழி குப்பைத் தொட்டிதான்.

அந்தத் தொட்டியில் விழுவது எங்கே போகிறது என்பதைச் சிங்கப்பூர் மாணவர்கள் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பார்கள். இருந்தாலும், இரண்டொரு எண்களை மறுபடி நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை. மறுசுழற்சிக்குப் போகாத, எரியக்கூடிய கழிவுகள் ஆலைகளில் எரிக்கப்படுகின்றன. எரித்த பிறகு அவற்றின் கன அளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைகிறது. மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. லோரோங் ஹாலுஸ் குப்பை நிலம் மூடப்பட்டதும், 1999 ஏப்ரல் 1ஆம் தேதி செமாக்காவ் செயல்படத் தொடங்கியது. கடலில் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை கட்டி உருவாக்கிய இடம் அது. பரப்பளவு 350 ஹெக்டர். நாட்டில் வேறு குப்பை நிலம் கிடையாது. கழிவு இப்போதுள்ள வேகத்தில் சேர்ந்தால் 2035ஆம் ஆண்டுவாக்கில் அது நிறைந்துவிடும் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. இன்று உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவர் அப்போது வேலை தேடும் வயதில் இருப்பார். அதனால்தான் 2030ஆம் ஆண்டுக்குள், ஒவ்வொருவருக்குமாக நாள்தோறும் செமாக்காவுக்குப் போகும் கழிவை 30 விழுக்காடு குறைக்கச் சிங்கப்பூர் இலக்கு வைத்திருக்கிறது.

உணவுக் கழிவுக்கு இதில் சிறிய இடமில்லை. 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். அதில் மறுசுழற்சி செய்யப்பட்டது 18 விழுக்காடு மட்டுமே. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கும் நாடு இது. அரிசி கப்பலில் வருகிறது. காய்கறி லாரியில் வருகிறது. சமைத்தபின் எரியாலைக்குப் போகிறது. ஈரமான சோற்றை எரிப்பது எளிதான வேலையுமன்று.

இந்தக் கட்டத்தில் பல ஏற்பாட்டுக் குழுக்கள் ஒரு முடிவுக்கு வருகின்றன: “பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், மக்கிப் போகும் தட்டு வாங்கலாம்.” கரும்புச் சக்கையால் செய்த தட்டு, மக்காச்சோள மாவால் செய்த கரண்டி, பாக்கு மட்டைத் தட்டு ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். விளம்பரத் தாளில் ‘பசுமை விழா’ என்று அச்சிடுகிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால், அந்தத் தட்டு மக்குவதற்கு மண் வேண்டும். பொருத்தமான வெப்பமும் ஈரமும் காலமும் வேண்டும். சிங்கப்பூரில் அது மண்ணுக்குப் போவதே இல்லை. பிளாஸ்டிக் தட்டு போகும் அதே பையில், அதே லாரியில், அதே எரியாலைக்குப் போகிறது. அதைச் செய்வதற்கும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகின்றன. தேசியச் சுற்றுப்புற வாரியமும், எந்தப் பொருளால் செய்யப்பட்டிருந்தாலும், ஒருமுறை பயன்படுத்தி எறிபவற்றைக் குறைக்க வேண்டும் என்றே சொல்கிறது. மண்ணும் எருக்குழியும் உள்ள ஊரில் மக்கும் தட்டு நல்ல யோசனை. இங்கே அது பெரும்பாலும் மனத்தை ஆற்றிக்கொள்ளும் யோசனைதான்.

வாழையிலை பற்றியும் கேள்வி எழும். வாழையிலைக்கு ஆலை தேவையில்லை. பழத்துக்காக வளர்க்கும் மரத்திலேயே அது கிடைக்கிறது. அதில் சாப்பிடுவதில் ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது. ஆகவே, அதைத் தாளோடும் சக்கையோடும் சேர்த்துப் பேச வேண்டியதில்லை. ஆனால், அதுவும் இங்கே எரியாலைக்குத்தான் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

இலை, தட்டு என்ற பேச்சைவிட முக்கியமானது பரிமாறும் முறை. பந்தியில் ஒருவர் இலை முன் நின்று, “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” என்று கேட்பார். போதும் என்பதற்குக் கையை இலைக்கு மேல் நீட்டினால் போதும். சமையற்கட்டில் முதல் பந்தி உண்ணும்போதே அடுத்த உலை கொதிக்கும். கூட்டம் குறைந்தால் அந்த உலையை ஏற்ற வேண்டியதில்லை. எவ்வளவு தேவை என்பது விருந்து நடக்கும்போதே தெரிந்துவிடும். சில பந்திகளில், வேண்டாம் என்றாலும் வற்புறுத்தி இலையை நிரப்புவதுண்டு. அதை அன்பு என்பதா, வீண் என்பதா என்பது வேறு விவாதம். பஃபேயில் நிலைமை தலைகீழ். எல்லா உணவும் முன்கூட்டியே சமைக்கப்பட்டு வந்துவிடுகிறது. கடைசியில் வருபவருக்கும் தட்டுகள் நிறைந்து தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வரிசை நீளமாக இருப்பதால், மறுபடி நிற்க வேண்டாமே என்று பலர் முதல் முறையிலேயே குவித்துக்கொள்கிறார்கள். பத்து வகை உணவையும் தட்டில் வைத்து, நான்கை மட்டும் உண்டுவிட்டு எழுகிறார்கள்.

பள்ளி விழாவில் முழுப் பந்தி வைப்பது கடினம். ஆனால், பந்தியின் நல்ல பகுதியைப் பஃபே மேசைக்குக் கொண்டு வரலாம். மாணவர்கள் மேசைக்குப் பின்னால் நின்று தாங்களே பரிமாறலாம். எட்டு வகை உணவுக்குப் பதிலாக ஐந்து வகை போதும். மூன்று பாத்திரப் பிரியாணியில் ஒன்றைத் திறக்காமல் வைத்திருந்து, கூட்டத்தைப் பார்த்த பிறகு திறக்கலாம். திறக்காத பாத்திரத்துக்கு நேரம் இருக்கும்போதே ஒரு வழி காணலாம். இவை எதற்கும் கூடுதல் செலவில்லை. கேட்டரிங் நிறுவனத்திடம் முன்பே பேச வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை விஷயத்தில் சீனத் திருமண விருந்துகளிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மேசைக்குப் பத்துப் பேர் என்று கணக்கு. ஒரு மேசை வெறுமையாக இருந்தால் அதற்கும் பணம் கட்ட வேண்டும். அதனால் மணவீட்டார் பெயர் பெயராகக் கேட்டு உறுதி செய்கிறார்கள். விருந்தினர்களும் வருவார்களா, மாட்டார்களா என்று தெளிவாகச் சொல்கிறார்கள். தமிழ் விருந்துகளில், “குடும்பத்தோடு வந்துடுங்க,” என்று அழைப்பதும், “பார்ப்போம், வர முயற்சி பண்றோம்,” என்று பதில் சொல்வதும் வழக்கம். இரண்டுமே அன்பான சொற்கள்தான். ஆனால், சமையற்காரர் ‘பார்ப்போம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அரிசி அளக்க முடியாது. விழாவுக்கு ஐந்து நாள் முன்னர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, “உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர்? சைவமா, ஹலால் உணவா?” என்று கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. அழைப்பவர் எவ்வளவு திட்டமிட்டாலும், அழைக்கப்பட்டவர் வாய் திறக்காவிட்டால் பயனில்லை. இந்தப் பொறுப்பைப் பற்றி ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை.

தட்டுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பகல் நேரத்தில் அதே பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் மாணவர்கள் எதில் சாப்பிடுகிறார்கள்? கழுவி மறுபடி பயன்படுத்தும் தட்டிலும் கிண்ணத்திலும்தான். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஒரு தட்டையும் எறியாமல் உண்கிறார்கள். மாலையில் ‘விழா’ என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அதே வளாகத்தில், அதே மாணவர்களுக்கு, எறியும் தட்டு தேவைப்படுகிறது. இது விந்தையாக இருந்தாலும், காரணம் இல்லாமல் இல்லை. சிற்றுண்டிச்சாலைத் தட்டுகள் கடைக்காரர்களுடையவை. துப்புரவாளர்கள் பிற்பகலோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு 200 தட்டுகளை யார் கழுவுவது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், ‘மறுபயன்பாட்டுத் தட்டு பயன்படுத்துங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவதில் பொருளில்லை. வயதான துப்புரவாளர் ஒருவர் கூடுதலாக மூன்று மணி நேரம் நின்று கழுவினால்தான் விழா பசுமையாகும் என்றால், அது யாருடைய செலவில் வந்த பசுமை?

விடைகள் இருக்கின்றன, எல்லாமே கொஞ்சம் விலை கேட்பவை. வெற்றுத்தளங்களில் நடக்கும் பல மலாய்த் திருமணங்களில் மெலமைன் தட்டுகளில் உணவு தந்து, பின்புறத்திலேயே கழுவுகிறார்கள். அத்தகைய சேவை தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். செலவு கூடினால், உணவு வகைகளில் இரண்டைக் குறைத்து ஈடுகட்டலாம். அல்லது மாணவர்கள் தங்களுக்கான தட்டையும் கரண்டியையும் வீட்டிலிருந்து கொண்டு வரலாம். விருந்தினர்களையும் அப்படிக் கொண்டுவரச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அழைத்துவிட்டுத் தட்டு கேட்பது விருந்தோம்பலுக்குப் பொருந்தாது. ஆனால், 100 மாணவர்கள் தங்கள் தட்டைக் கொண்டு வந்தால், 100 தட்டுகள் குப்பைக்குப் போகாது. முழுவதும் முடியவில்லை என்பதற்காகப் பாதியையும் விட்டுவிட வேண்டியதில்லை.

தண்ணீர் போத்தல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழாய் நீரை அப்படியே குடிக்கக்கூடிய நாட்டில், விழா மேசையில் சிறிய பிளாஸ்டிக் போத்தல்களை அடுக்கி வைப்பதற்கு நல்ல காரணம் எதுவுமில்லை. பாதி குடித்துவிட்டு வைத்த போத்தல் யாருடையது என்று தெரியாமல் இன்னொன்றைத் திறக்கிறார்கள். ஒரு பெரிய தண்ணீர்க் கலனும் கழுவிய குவளைகளும் போதும். அலங்காரத்திலும் அப்படித்தான். பதாகையில் ஆண்டை அச்சிட்டால் அதன் ஆயுள் ஒரு நாள். ‘தீபாவளி விழா’ என்று மட்டும் அச்சிட்டால் ஐந்தாண்டுகள் மாட்டலாம். மணமேடை முதல் குத்துவிளக்குவரை வாடகைக்கு எடுத்துப் பழகிய சமூகத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்பளிப்புப் பைகளுக்குத் தேசிய தின அணிவகுப்பே ஒரு பாடத்தைத் தந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 காரணமாக மக்கள் வீட்டிலிருந்தே அணிவகுப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய தினப் பை வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. கொடியும் சிறு பொருள்களும் அடங்கிய அந்தப் பையைப் பலர் ஆசையோடு எதிர்பார்ப்பவர்கள்தான். ஆனாலும், எல்லா வீட்டுக்கும் கொடுத்தால் ஏராளமானவை குப்பைக்குப் போகும் என்று கவலைப்பட்டவர்கள் இணையத்தில் மனு ஒன்றைத் தொடங்கினார்கள். பல்லாயிரம் பேர் அதில் கையெழுத்திட்டார்கள். பின்னர், விரும்புவோர் குறிப்பிட்ட இடங்களுக்குச் சென்று பையைப் பெற்றுக்கொள்ளும் முறை வந்தது. யாருடைய மகிழ்ச்சியும் கெடவில்லை. கேட்டுக் கொடுத்தார்கள்; அதுதான் வேறுபாடு. பள்ளி விழாவில் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு பையை வைப்பதற்கும், வாசலில் ஒரு மேசையில் வைத்து, “வேண்டுமா?” என்று கேட்பதற்கும் இடையே இருக்கும் வேறுபாடும் அதுவே.

மீதமான உணவை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்ற யோசனை எப்போதும் வரும். இதில் சட்டமும் உதவிக்கு வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் உணவு நன்கொடை பற்றிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உணவைத் தூய்மையாகக் கையாண்டு, அது பாதுகாப்பானதாக இருக்கும்போது கொடுத்து, எவ்வளவு நேரத்துக்குள் உண்ண வேண்டும், எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதையும் பெறுபவரிடம் சொல்லிவிட்டால், பின்னர் ஏதேனும் நேர்ந்தாலும் கொடுத்தவர்மீது பொறுப்பு விழாமல் அச்சட்டம் காக்கிறது. உணவகங்களும் கேட்டரிங் நிறுவனங்களும் வழக்குக்கு அஞ்சி நல்ல உணவைக் கொட்டும் நிலை இதனால் மாறலாம். ஆனால், இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி, “மிஞ்சினால் கொடுத்துவிடலாம்,” என்று 300 பேருக்குச் சமைக்கச் சொல்வது தவறு. இரவு 8.15 மணிக்கு மிஞ்சியது தெரிந்தால், 8.30 மணிக்குள் அதை எடுத்துச் சென்று, பகிர்ந்து, உண்ண வைக்க எந்தத் தொண்டூழியராலும் முடியாது. கொடுக்க நினைப்பவர்கள், யாரிடம் கொடுப்பது, எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உணவு கிடைக்காத ஒருவருக்கு, மற்றவர்கள் கிளறிவிட்டுப் போன பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும், திறக்காத பாத்திரத்திலிருந்து கொடுப்பதும் ஒன்றல்ல.

மறுசுழற்சித் தொட்டியை நம்புபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குழம்பு ஒட்டிய காகிதத் தட்டை நீலத் தொட்டியில் போட்டால், அது மறுசுழற்சியாகாது என்பதோடு, அருகில் இருக்கும் நல்ல தாளையும் கெடுக்கும். நீலத் தொட்டிகளில் விழுபவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சி செய்ய முடியாதவை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 12 விழுக்காடாக இருந்தது. தொட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்கினால் மட்டும் இது மாறிவிடாது.

“ஒரு பள்ளி விழாவில் மிஞ்சும் சோறு செமாக்காவை நிரப்பிவிடப் போகிறதா? பெரிய ஹோட்டல்களை முதலில் கேளுங்கள்,” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு விழாவின் கழிவு நாட்டின் கணக்கில் ஒரு துளிகூட இல்லை. பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டியதைப் பள்ளி மாணவர்களின் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. ஆனால், ஹோட்டல் விருந்துக்கு எண்ணிக்கை சொல்பவர்கள் யார்? ஒரு காலத்தில் பள்ளி விழாக் குழுவில் இருந்து, “குறையக் கூடாது, 300 என்றே போடுங்கள்,” என்று சொல்லப் பழகியவர்கள்தாமே? நாளைக்குத் தம் திருமணத்துக்கும், தம் நிறுவனத்தின் ஆண்டு விருந்துக்கும் அதே பழக்கத்தோடுதான் கணக்குப் போடுவார்கள். பள்ளி விழா சிறியதாக இருப்பதே ஒரு வசதி. இங்கே கணக்குத் தவறினால் கெடுவது அதிகமில்லை.

“குறைந்துவிட்டால் என்ன செய்வது?” என்ற அச்சம் மட்டும் மிஞ்சுகிறது. அதை ஏளனம் செய்யாமல் விடை சொல்ல வேண்டும். உண்மையிலேயே பத்துப் பேருக்குக் குறைந்துவிடலாம். அதற்குச் சிற்றுண்டிச்சாலை அலமாரியில் சில ரொட்டிப் பொட்டலங்களும், ஜாமும், பிஸ்கட்டும் இருந்தால் போதும். அவை தேவைப்படாவிட்டால் மறுநாள் காலையில் மாணவர்களுக்கு உதவும். பிரியாணியைப்போல் நான்கு மணி நேரத்தில் காலாவதி ஆகாது. கடைசியாக வந்த விருந்தினரிடம், “பிரியாணி தீர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், தேநீரும் ரொட்டியும் இருக்கிறது, உட்காருங்கள்,” என்று சிரித்த முகத்தோடு சொல்லும் மாணவர் பள்ளியின் பெயரைக் கெடுத்துவிட மாட்டார்.

விழா முடிந்த அன்றிரவு ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு வேலை பாக்கியிருக்கும். பைகளைக் கட்டித் தொட்டியில் போடுவதற்கு முன் அவற்றை ஒரு தராசில் வைக்க வேண்டும். வருவதாகச் சொன்னவர் எத்தனை, வந்தவர் எத்தனை, எந்த உணவு எவ்வளவு மிஞ்சியது, எத்தனை கிலோ எறியப்பட்டது என்று அரைப் பக்கத்தில் எழுதி, விழாக் கோப்பில் வைக்க வேண்டும். இப்போது பெரும்பாலான கோப்புகளில் அழைப்பிதழின் மாதிரியும், செலவுக் கணக்கும், நிகழ்ச்சி நிரலும், நிழற்படங்களும் இருக்கின்றன. அந்த அரைப் பக்கம் இருப்பதில்லை. அதனால் அடுத்த ஆண்டு புதிய குழு கோப்பைத் திறக்கும்போது, சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு உணவு சொன்னார்கள் என்பது மட்டும் தெரிகிறது. 300 என்று எழுதியிருக்கிறது. அவர்களும் 300 என்று எழுதிக்கொள்கிறார்கள்.